நிலத்தடி எரிவாயுக் குழாய் ஓய்வுபெறும்போது: ஒஹாயோ நில உரிமையாளராக ஃபெர்க் ஆய்வில் பங்கேற்ற அனுபவம்

ஒஹாயோ மாநிலத்தின் நடுப்பகுதியில் எங்களுக்குள்ள சிறிய விளைநிலத்தின் அடியில், 1950களில் பதிக்கப்பட்ட இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்று செல்கிறது. அந்தக் குழாயை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்றும், அதைக் கைவிடுவதற்கு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி கோரியிருப்பதாகவும் குழாய் நிறுவனம் எங்களுக்குக் கடிதம் அனுப்பியது. எல்லோரும் சுருக்கமாக ஃபெர்க் என்று அழைக்கும் ஆணையம் இதுதான். கடிதத்துடன் ஆணையத்தின் அறிவிப்பும், நிலத்தில் எரிவாயுக் கட்டமைப்பு உள்ளவர்களுக்காக ஆணையமே வெளியிட்டுள்ள கையேடும் இருந்தன. இதே நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல இருக்கும் என்பதால், நடந்தவற்றை முடிந்தவரை விரிவாக எழுதுகிறேன்.

குழாயை மூடுவதற்கும் அனுமதி வேண்டுமா என்பது என் நண்பர்கள் பலரும் கேட்ட கேள்வி. மாநில எல்லைகளைக் கடந்து எரிவாயுவைக் கொண்டுசெல்லும் குழாய்கள் 1938ஆம் ஆண்டின் இயற்கை எரிவாயுச் சட்டத்துக்கு உட்பட்டவை. குழாய் அமைப்பதற்கு அந்தச் சட்டத்தின் 7(சி) பிரிவின்கீழ் சான்றிதழ் பெறவேண்டும் என்பதுபோலவே, சேவையை நிறுத்துவதற்கு 7(பி) பிரிவின்கீழ் ஆணையத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். எரிவாயு வளம் வற்றிவிட்டது என்றோ, இன்றைய அல்லது நாளைய பொது நலனும் தேவையும் அந்தக் கைவிடுதலுக்கு இடம்தருகின்றன என்றோ ஆணையம் முடிவுசெய்தால்தான் ஒப்புதல் கிடைக்கும். அந்த முடிவு ஒரு மத்திய அரசு நடவடிக்கை என்பதால், 1970 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி அதன் விளைவுகளையும் ஆராயவேண்டியிருக்கிறது. 6 அங்குலமோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள சிறு குழாய்த் துண்டுகளை அப்படியே மண்ணில் விட்டுவிடுவது போன்ற சில பணிகளுக்கு மட்டும் பொதுவாக இந்த ஆய்விலிருந்து விலக்கு உண்டு. எங்கள் நிலத்தின் அடியில் சென்றது அதைவிடப் பெரிய குழாய்.

கைவிடுதல் என்றால் குழாயைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. குழாயை வேறொரு நிறுவனத்துக்கு விற்பதும், தோண்டி அகற்றுவதும், எரிவாயுவை வெளியேற்றி இரு முனைகளையும் அடைத்து மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவதும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கும். வேறு பல விண்ணப்பங்களைப் போலவே எங்கள் நிலத்துக்கும் கடைசி வழியே முன்மொழியப்பட்டிருந்தது. எரிவாயு வரும் எல்லா இணைப்புகளிலிருந்தும் துண்டிப்பது, உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றுவது, முனைகளை அடைப்பது ஆகிய மூன்றும் மத்திய குழாய்ப் பாதுகாப்பு விதிகளில் கட்டாயம். அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்குத் துருத் தடுப்பு மின்னோட்டமோ ரோந்தோ தேவையில்லை. அங்கிருந்து அது துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதும், அது யாருடைய நிலத்தில் துருப்பிடிக்கும் என்பதும் கடிதத்தில் சொல்லப்படவில்லை.

இந்த நடைமுறையில் காலக்கெடு முதலில் வருகிறது, விவரங்கள் பிறகுதான் வருகின்றன. விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள் வழக்கில் தரப்பினராக, அதாவது இன்டர்வீனராக, சேர மனு அளிக்கவேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு தொடங்கி அறிக்கை வெளிவருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அறிக்கையைப் படித்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று காத்திருப்பவர், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். கருத்துக் கடிதம் எழுதுவதால் மட்டும் ஒருவர் தரப்பினர் ஆகிவிடமாட்டார். தரப்பினராக இருப்பவருக்குத்தான் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு 30 நாட்களுக்குள் மறு விசாரணை கோரவும், அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லவும் உரிமை உண்டு. நான் உடனே மனு அளித்தேன். வழக்கறிஞர் தேவைப்படவில்லை, நில உரிமையாளர் என்ற காரணத்தைத் தெளிவாகக் கூறும் இரண்டு பத்திகளே போதுமானவையாக இருந்தன. ஆனால் தரப்பினரான பிறகு நாம் தாக்கல் செய்யும் ஒவ்வொரு ஆவணத்தையும் மற்றத் தரப்பினருக்கும் அனுப்பவேண்டும். அதை மின்னஞ்சலிலேயே செய்துவிடலாம்.

பொதுமக்கள் பங்கேற்புக்கென ஆணையத்தில் 2021இல் தொடங்கப்பட்ட அலுவலகத்துக்கு நான் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்துப் பேசியவர் பொறுமையாக வழிகாட்டினார். வழக்கின் தகுதியைப் பற்றி அவர் எதுவும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. எங்கள் வழக்குக்குரிய டாக்கெட் எண்ணைக் கொண்டு, ஆணையத்தின் இணைய ஆவணக் காப்பகமான இ-லைப்ரரியில் எதைத் தேடவேண்டும், இ-சப்ஸ்கிரிப்ஷனில் பதிவுசெய்தால் புதிய ஆவணங்கள் வரும்போது எப்படி மின்னஞ்சல் வரும், இ-காமென்ட் வழியாக எழுத்தை மட்டுமே அனுப்பமுடியும் என்பதால் புகைப்படங்களை இணைக்க இ-ஃபைலிங்கை ஏன் நாடவேண்டும் என்பதையெல்லாம் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்த அஞ்சல் பட்டியல் படிவத்தையும் நிரப்பித் திருப்பி அனுப்பினேன்.

அடுத்து, எந்தெந்தச் சுற்றுச்சூழல் சிக்கல்களை ஆராயவேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்கும் அறிவிப்பு வந்தது. கருத்துச் சொல்ல 30 நாட்கள் அளிக்கப்பட்டன. மற்றவர்கள் எழுதியிருந்த கடிதங்களை இ-லைப்ரரியில் படித்தபோது ஒன்று புரிந்தது. காலநிலை மாற்றத்தைப் பற்றியும் நிறுவனங்களின் பேராசையைப் பற்றியும் உணர்ச்சியோடு எழுதப்பட்ட கடிதங்களில் நியாயம் இருந்தது. ஆனால் அவற்றில் ஆய்வு அலுவலர் எடுத்துக்கொண்டு விசாரிக்கக்கூடிய இடமோ பொருளோ இல்லை. எங்கள் நிலத்தைப் பற்றி எங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுவது என்று முடிவுசெய்தேன்.

எங்கள் வயலில் மக்காச்சோளமும் சோயாவும் மாறிமாறிப் பயிராகின்றன. அந்தக் களிமண் நிலத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்க, டைல் எனப்படும் பழைய சுட்ட களிமண் வடிகுழாய்கள் மண்ணுக்கடியில் ஓடுகின்றன. அவற்றில் சில எரிவாயுக் குழாய்க்கு மேலே குறுக்காகச் செல்கின்றன. விண்ணப்பத்துடன் இருந்த வரைபடத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. வயலின் கிழக்கு எல்லையில் ஓர் ஓடை இருக்கிறது. கரை அரித்துப்போனதால் அங்கே ஏறத்தாழ ஓர் ஆள் நீளத்துக்குக் குழாய் வெளியே தெரிந்தது. அதன்மேல் பூசியிருந்த கருப்புத் தார்ப் பூச்சு, நார்த்துணியோடு சேர்ந்து பட்டை பட்டையாக உரிந்து தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காலத்துப் பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. அந்த இடத்தை அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து, மனை எண்ணையும், நிறுவனத்தின் வரைபடத்திலேயே உள்ள மைல் குறியீட்டையும் எழுதி இணைத்தேன்.

என் கடிதத்தில் கேட்டவை இவை. ஓடைக்கடியில் உள்ள குழாயை அப்படியே விட்டால், அரிப்பு தொடரும்போது அது முழுவதும் வெளிப்பட்டு நீரோட்டத்தை மறிக்காதா? காலியான குழாய் ஈர நிலத்தில் மேலே மிதந்து வராதா? பல பத்தாண்டுகளுக்குப் பிறகு துளை விழுந்தால், வயலின் ஒரு பகுதியிலிருந்து வடியும் நீரை இன்னொரு பகுதிக்குக் கொண்டுசேர்க்கும் கால்வாயாக அது மாறாமல் இருக்க இடையிடையே அடைப்புகள் வைக்கப்படுமா? குழாய்க்குள் பி.சி.பி. எனப்படும் நச்சு வேதிப்பொருள் இருக்கிறதா என்று பரிசோதிக்கப்பட்டதா? எரிவாயுவை அழுத்திக் குழாயில் செலுத்தும் பழைய அமுக்கி நிலையங்களின் மசகு எண்ணெயில் பி.சி.பி. பயன்படுத்தப்பட்டு, அது குழாய்களுக்குள் பரவிய வரலாறு அமெரிக்காவில் உண்டு. 1976ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், கைவிடப்படும் எரிவாயுக் குழாய்களில் எஞ்சியுள்ள பி.சி.பி.யை என்ன செய்யவேண்டும் என்பதற்குத் தனி விதிகளே இருக்கின்றன.

எல்லாவற்றையும் தோண்டி எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பலர் அதைத்தான் கேட்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குழாயை எடுக்கவேண்டுமானால் முழு நீளத்துக்கும் அகழி வெட்டவேண்டும், கனரக வாகனங்கள் ஓடவேண்டும், மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துபோகும் ஆபத்து உண்டு, வடிகுழாய்கள் ஒவ்வொன்றும் அறுபடும். நல்ல வயலில் விட்டுவிடுவதே குறைந்த கேடு. ஓடையிலும் சாலைக்கடியிலும் அதே விடை பொருந்தாது என்பதே என் நிலைப்பாடு.

சில வாரங்கள் கழித்து, ஆணையத்தின் ஆய்வு அலுவலர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய கேள்விப் பட்டியல் இ-லைப்ரரியில் வந்தது. அதில் எங்கள் ஓடையின் மைல் குறியீடு இருந்தது. வெளிப்பட்ட பகுதியின் நீளம், கரையின் நிலை, அதை அகற்றினால் ஏற்படும் விளைவு ஆகியவற்றை நிறுவனம் விளக்கவேண்டும் என்றும், வடிகுழாய்கள் எங்கெங்கே உள்ளன என்பதை நில உரிமையாளர்களிடம் கேட்டு வரைபடத்தைத் திருத்தவேண்டும் என்றும் அலுவலர்கள் கேட்டிருந்தார்கள். இத்தனைக்கும் அலுவலர் எவரையும் நான் நேரில் சந்தித்ததில்லை. பொதுக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. அந்தக் கேள்விப் பட்டியல் வெளியான பிறகு, அதுவரை தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லாத நிறுவனத்தின் நிலப் பிரதிநிதி வீட்டுக்கே வந்து, வயலில் என்னுடன் நடந்து குறிப்புகள் எடுத்துக்கொண்டார்.

சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் அதை இரண்டு முறை படித்தேன். 2023இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய அறிக்கைகள் பின்னிணைப்புகள் நீங்கலாக 75 பக்கங்களுக்குள் இருக்கவேண்டும் என்பதால், படித்து முடிக்க முடியாத அளவுக்கு அது நீளமில்லை. அழிந்துவரும் இனமான இந்தியானா வௌவால்கள் தங்கக்கூடிய மரங்களைக் கோடையில் வெட்டக்கூடாது என்பது குறித்து மத்திய மீன், வனவிலங்குத் துறையுடனும், தொல்பொருள் எதுவும் பாதிக்கப்படுமா என்பது குறித்து மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துடனும் நடந்த கலந்தாலோசனைகள் அதில் இருந்தன. எங்கள் ஓடைக்கெனத் தனிப் பத்தி ஒன்று இருந்தது. வெளிப்பட்ட பகுதியை வெட்டி அகற்றி, இரு கரைகளுக்குள்ளும் முனைகளை அடைத்து, கரையைச் சீரமைக்கும் திட்டத்தைப் பணி தொடங்குமுன் ஆணையத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலுக்கு அனுப்பவேண்டும் என்று அலுவலர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். வயலில் குழி தோண்டும் இடங்களிலெல்லாம் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைக்கவேண்டும் என்றும், உடைபட்ட வடிகுழாய்களைச் சீர்செய்யவேண்டும் என்றும் இருந்தது. பி.சி.பி.யைப் பொறுத்தவரை, குழாய்க்குள் சுத்தம் செய்யும் கருவியைச் செலுத்தி, வெளிவரும் திரவத்தையும் உட்சுவரையும் பரிசோதித்து, முடிவுகளைத் தாக்கல் செய்வதாக நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. இடைவெளிகளில் அடைப்பு வைக்கும் என் கோரிக்கை மட்டும் முழுமையாக ஏற்கப்படவில்லை. ஈர நிலத்தின் இரு ஓரங்களிலும் வைத்தால் போதும் என்று முடிவாகியிருந்தது. அதை மறுத்து, வயலின் சரிவைக் காட்டும் படத்துடன் இன்னொரு கடிதம் அனுப்பினேன். உத்தரவில் அதற்குப் பதில் இருந்தது, மாற்றம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் சிக்கல் வேறு வகையானது. இந்தக் குழாயிலிருந்தே நேரடியாக எரிவாயு இணைப்புப் பெற்றிருந்த சில பண்ணை வீடுகளில் அவருடையதும் ஒன்று. 7(பி) பிரிவின்கீழ் ஆணையம் முக்கியமாகப் பார்ப்பது சேவை தொடருமா என்பதைத்தான் என்பதால், அவருடைய ஒற்றைப் பக்கக் கடிதத்துக்கு என்னுடையதைவிட விரைவாகப் பலன் கிடைத்தது. அவருடைய வீட்டைப் புரொபேன் வாயுவுக்கு மாற்றும் செலவை நிறுவனமே ஏற்றது.

நிலத்தின் வழியுரிமை, அதாவது எங்கள் நிலத்தில் குழாய் பதித்து வைத்திருக்க நிறுவனத்துக்குள்ள ஈஸ்மென்ட் உரிமை, பற்றி நான் எழுப்பிய கேள்விக்கு மட்டும் ஆணையத்திடம் விடை கிடைக்காது. குழாய் கைவிடப்பட்டாலும் வழியுரிமை தானாக முடிந்துவிடாது. அது முடிகிறதா, தொடர்கிறதா என்பது பழைய ஒப்பந்தத்தின் வாசகத்தையும் மாநிலச் சொத்துச் சட்டத்தையும் பொறுத்தது என்று ஆணையம் வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் ஒப்பந்தத்தின் நகலைப் பெற்று, அதை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். இந்த நடைமுறை முழுவதிலும் நான் பணம் கொடுத்து ஆலோசனை பெற்றது இதற்கு மட்டுமே. அது தேவையான செலவு. நிறுவனம் வழியுரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பியது. அதே வழியில் வேறொரு குழாயைப் பதிக்கும் வாய்ப்பு அதற்குத் திறந்தே இருக்கும். மண்ணில் விடப்படும் குழாயினால் பின்னாளில் நிலம் உள்வாங்கினாலோ மாசு தெரியவந்தாலோ பொறுப்பு நிறுவனத்துடையதே என்ற வாசகத்தை எழுத்தில் பெறாமல் எந்த விடுவிப்புப் பத்திரத்திலும் கையெழுத்திடவேண்டாம் என்று வழக்கறிஞர் கூறினார்.

ஓடையில் வேலை முடிந்துவிட்டது. ஆணையத்தின் மறுசீரமைப்பு விதிகளின்படி, முதலாம், இரண்டாம் பயிர்ப் பருவங்களுக்குப் பிறகு நிறுவனம் வந்து நிலத்தைப் பார்வையிடவேண்டும். முதல் பார்வையிடலின்போது, மண் இறுகி மக்காச்சோளம் குட்டையாக நின்ற ஒரு பகுதியைக் காட்டினேன். அதை ஆழமாக உழுது தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விடுவிப்புப் பத்திரத்தின் வரைவு இப்போது எங்கள் வழக்கறிஞரிடம் இருக்கிறது. நிலத்தில் தோண்டுமுன், அடியில் உள்ள குழாய்களையும் கம்பிகளையும் குறித்துக் காட்டக் கேட்கும் 811 எண்ணை அழைத்தாலும், கைவிடப்பட்ட குழாய்களை எல்லா நேரமும் குறித்துக் காட்டமாட்டார்கள் என்பதால், எஞ்சியுள்ள குழாயின் இருப்பிட அளவுகளைக் காட்டும் வரைபடத்தையும் அந்தப் பத்திரத்துடன் சேர்த்துப் பதிவுசெய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.