அரைக் கிலோ மண்

ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் அள்ளி நிறுத்தால் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ வரும். அத்தனைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஒரு துணிப் பையில் அரைக் கிலோ மண் எங்கள் மேசைக்கு வரும். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நான் பார்த்தது அந்தப் பைகளைத்தான். நிலத்தைப் பார்க்கவில்லை.

வேளாண்மையோடு நீடித்த நில மேலாண்மையும் சேர்ந்த படிப்பு என்னுடையது. மண்ணியல், பயிரியல், பாசனம், வரைபடப் பாடங்கள், பண்ணைப் பொருளாதாரம் என்று நான்கு வருடமும் நிறையப் பாடங்கள். எனக்குப் பிடித்தது ஆய்வக வேலை. மண்ணில் உள்ள அங்ககக் கரிமத்தை, அதாவது மக்கிய செடிகொடிகளிலிருந்தும் எருவிலிருந்தும் சேர்ந்த கரிமத்தை, அளக்க 1934-இல் வாக்லியும் பிளாக்கும் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. பொட்டாசியம் டைக்குரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து, ஆறவிட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கலங்கிய ஊதாவாக இருக்கும் கரைசல் ஒரே ஒரு சொட்டில் பளிச்சென்று பச்சைக்கு மாறும். அந்தச் சொட்டைப் பிடிக்கக் கை பழகுவதற்கு ஒரு பருவமே ஆனது. பழகிய பிறகு அந்தப் பச்சை மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மண் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

மாதிரி எடுக்கும் முறையையும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் எல்லாம் தவிர்த்து, நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகக் கோடு கிழித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, அரைக் கிலோ நிற்கும்வரை செய்ய வேண்டும். இப்போதும் இதை ஒருவர் பொறுமையாகச் செய்வதைப் பார்த்தால் எனக்கு மரியாதை வந்துவிடும். அறிக்கையில் நாங்கள் போடும் தசமப் புள்ளிகளின் மதிப்பெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

இரண்டாம் வருடம் ஒரு பெரியவர் மாதிரி கொண்டுவந்தார். முறைப்படி எடுத்த மாதிரி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. கரிமம் குறைவு, தழைச்சத்து குறைவு, உப்பும் கார அமில நிலையும் சரி. பயிர் வெளிறிப்போகிறது, வளர்ச்சி இல்லை என்றார். எண்களும் அவர் சொன்னதும் ஒத்துப்போயின. தழைச்சத்தைக் கூட்டிப் போடச் சொல்லிப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த பருவத்தில் அவரே வந்தார். கோபப்படவில்லை.

“நீங்க எழுதிக் கொடுத்த மாதிரியே போட்டேன் தம்பி. ரெண்டு வாரம் பச்சை புடிச்சுச்சு. ஒரு மழை பெஞ்சதும் பழையபடி ஆயிடுச்சு.”

அந்த ‘ஒரு மழை’தான் என்னை உறுத்தியது. மறுநாள் அவரோடு நிலத்துக்குப் போனேன். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, நடு வயலில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது. கரையில் ஈரம் காய்ந்த இடமாகப் பார்த்து ஒரு முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினோம். பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, குழிச் சுவரில் மேலிருந்து கீழாக விரலளவுக்கு ஒரு தடவை கத்தியைக் குத்திக்கொண்டே வந்தேன். முதலில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒரு சாண் கிட்ட வந்ததும் கத்தி நின்றுவிட்டது. அதற்குக் கீழே நாலு விரல் கனத்துக்குத் தட்டுத் தட்டாக, வழுவழுப்பாக ஒரு இறுகிய அடுக்கு. அதையும் தாண்டினால் மறுபடி இளகிய மண்.

ஒரு செடியைப் பிடுங்காமல் பக்கத்து மண்ணை மெல்ல உதிர்த்துப் பார்த்தேன். ஆணிவேர் நேராக இறங்கி வந்து, அந்த அடுக்கில் முட்டி, செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. பக்கத்துச் செடியிலும் அப்படித்தான். பெரியவர் குனிந்து அந்த மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுததும், ஈரம் காயும் முன்பே கனமான வண்டியை இறக்கியதும் சேர்ந்து அந்தத் தளத்தைப் போட்டிருந்தன. தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. தேங்கினால் வேருக்குக் காற்று இல்லை. காற்றில்லாத மண்ணில் சில நுண்ணுயிர்கள், தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பிழைக்கும், தழைச்சத்து வாயுவாகி மேலே போய்விடும். நான் போடச் சொன்ன உரத்தில் ஒரு பங்கு பயிருக்குப் போகாமல் காற்றோடு போயிருக்கிறது. என் அறிக்கையில் ஒரு எண்கூடத் தப்பில்லை. மாதிரி எடுத்த ஆழம் 15 சென்டிமீட்டர், நோய் இருந்தது அதற்குச் சற்றுக் கீழே. அந்த அரைக் கிலோவை எத்தனை முறை சோதித்தாலும் அது தெரிந்திருக்காது.

அகல உழுவதை விட ஆழ உழு என்று சொல்வார்கள். அதற்காக ஆழமாக உழுதால் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. உளிக்கலப்பை போட்டு அந்த அடுக்கை உடைக்க மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் ஓட்டினால் கொழு போன தடம் மட்டும் வழுவழுவென்று விழும், மண் பிளக்காது. உடைத்த பிறகு ஆழமாக வேர் விடும் பயிர் வேண்டும், மக்கிய எரு வேண்டும். இல்லாவிட்டால் சில பருவத்தில் பழையபடி இறுகிவிடும். இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி தம்பி, நிலம் என்னுதில்லையே” என்றார்.

வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் குத்தகை. வாய்ப்பேச்சு ஒப்பந்தம். எருவுக்கும் கலப்பைக்கும் இந்த வருடம் அவர் செலவு செய்தால், பலன் வரும் வருடத்தில் அங்கே வேறு யாரோ உழுதுகொண்டிருக்கலாம்.

படிக்கும்போது பண்ணைப் பொருளாதார வகுப்பைத் தேர்வுக்காக மட்டும் படித்தவன் நான். நில உரிமை, குத்தகைக் காலம் என்றெல்லாம் ஆசிரியர் சொல்லும்போது, மண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு வரப்பில்தான் அந்தப் பாடம் எனக்கு நடந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைப் பற்றி முதல் வருடத்திலேயே சொல்லியிருந்தார்கள். 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை அங்கே இன்றும் நடக்கிறது. அங்கேயே பார்லி வயலில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை இருபது வருடம் தொழுவுரம் போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருடம் கடந்து அளந்தபோதும், எருவே காணாத பாத்தியைவிட அந்த மண்ணில் கரிமம் அதிகமாக இருந்தது. மாணவனாக அதைக் கேட்டபோது எருவின் பெருமை என்று குறித்துக்கொண்டேன். எரு போட்டவர் யார், அறுப்பவர் யார் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

நிலம் கெடுவதும் அதே மெதுவில்தான் நடக்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் மழையில் அடித்துப்போனால் அது ஏறக்குறைய 13 டன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்கச் சமவெளிகளில் 1930-களில் புழுதிப் புயல் எழும்பி வானத்தை மறைத்த பிறகுதான் மண் பாதுகாப்புக்கு அங்கே தனிச் சட்டம் வந்தது, 1935-இல். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் எவ்வளவு போய்விடுகிறது! என்னை இந்தத் துறையிலேயே பிடித்து வைத்திருப்பது இந்தப் பதற்றம்தான்.

நில உரிமையாளரைப் பார்க்க நானும் போனேன். அது என் வேலைப் பட்டியலில் இல்லை. மடங்கிய வேரோடு இரண்டு செடிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். அவர் நல்லவர்தான், நிலத்துக்கு இப்படி ஆகிறது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலைமதிப்பு, குத்தகைத் தொகை என்று பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஐந்து வருடத்துக்கு எழுத்தில் குத்தகை, கலப்பைச் செலவு உரிமையாளருடையது, எருவும் ஆழ வேர் விடும் பயறும் பெரியவர் பொறுப்பு என்று முடிந்தது. எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. அதற்குப் பிறகு மூன்று இடத்தில் முயன்று, இரண்டில் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

அப்புறம் எங்கள் மாதிரிப் படிவத்தில் நானாகச் சில வரிகள் சேர்த்தேன். மழைக்குப் பின் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, கடைசியாக எவ்வளவு ஆழம் உழுதது, நிலம் சொந்தமா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருடம். உடன் வேலை செய்தவர்களில் சிலர், பரிசோதனைக் கூடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த வரிகள் காலியாக வந்தால் இப்போதெல்லாம் நான் பரிந்துரை எழுதுவதில்லை, முதலில் கூப்பிட்டுப் பேசுகிறேன். நாளுக்கு முடிக்கும் பைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அதற்கு மேலதிகாரியிடம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களை முதல் நாளே வெளியே கூட்டிப்போய்க் குழி வெட்டச் சொல்கிறேன். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகத் தள்ளிப் பார்க்க வைக்கிறேன். நீளமாக ஒடியாமல் வந்தால் களி, வராமலே உதிர்ந்தால் மணல். சிலர் கையுறை கேட்பார்கள், கொடுப்பதில்லை.

பெரியவர் போன மாதம் மறுபடி வந்தார். இந்தத் தடவை மூன்று பைகள். மேட்டுப் பகுதி ஒன்று, பள்ளம் ஒன்று. மூன்றாவதில் அவர் பேரன் கையெழுத்தில் ‘வண்டி திரும்புற மூலை, ஒரு சாணுக்குக் கீழ’ என்று எழுதி ஒட்டியிருந்தது.