'சேலம்' என்றால் எத்தனை எழுத்து?

கணினி அறிவியல் கிடைத்தும், அது கலை அறிவியல் கல்லூரியில் என்பதால் முகம் வாடியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் கிடைக்காத வருத்தத்தோடுதான் நானும் முதல் நாள் ஏற்காட்டில் சேலம் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடியும் வரை யாரோடும் பேசவில்லை.

எங்கள் துறை சிறியது. ஒரே ஆய்வகம், ஒரு கணினிக்கு இரண்டு பேர். சுற்றிலும் தமிழ், வேதியியல், வரலாறு, புள்ளியியல். முதல் ஆண்டு முழுவதும் அந்த வகுப்பறைகளைக் கடந்து போனேனே தவிர, அங்கே யாரோடும் பழகவில்லை. மூன்று ஆண்டுகளில் நான் வீணாக்கியது அந்த ஓராண்டைத்தான்.

இரண்டாம் ஆண்டில், ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நிரலைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினேன். 'சேலம்' என்று கொடுத்தால் ஐந்து என்றது. தினமும் பஸ்ஸில் உடன் வரும் தமிழ்த் துறைத் தோழி, "சே, ல, ம், மூன்றுதானே?" என்றாள். தேடிப் பார்த்தேன். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ச ஒன்று, ஏகாரக் குறி ஒன்று, ல ஒன்று, ம ஒன்று, புள்ளி ஒன்று. அவள் விடவில்லை. "இலக்கணத்தில் ம் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்தால் ம. உன் கணினியில் ம என்பதோடு புள்ளி சேர்ந்தால் ம். தலைகீழாக இருக்கிறதே!" நாம் காணும் எழுத்து வேறு, கணினி சேமிக்கும் குறியீடு வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குறிகளை முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி நிரலை மாற்றினேன். சேலம் மூன்றானது. 'ஸ்ரீ' மட்டும் இரண்டு என்று வந்து, இன்னொரு வாரம் எங்களை உட்கார வைத்தது. பருவத் தேர்வில் எழுத்துக் குறியாக்கம் பற்றிய வினாவுக்கு இதையே உதாரணமாக எழுதினேன்.

இறுதி ஆண்டு ப்ராஜெக்டை விலைக்கு வாங்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வேதியியல் மாணவன் ஒருவனின் வீட்டில் மரவள்ளி போட்டிருந்தார்கள். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் எடையை மட்டும் பார்த்து விலை தருவதில்லை. மாவுச்சத்தைக் காட்டும் 'பாயிண்ட்'டும் பார்க்கிறார்கள். கிழங்கைத் தண்ணீருக்குள் வைத்து எடை பார்த்து அதைக் கணிக்கலாம். மாவுச்சத்து கூடினால் அடர்த்தி கூடும்; வெளியே ஒரே எடை என்றாலும் தண்ணீருக்குள் எடை கூடுதலாகக் காட்டும். காரணத்தை அவன் விளக்கினான், கணக்கை நான் நிரலாக்கினேன். எடை, பாயிண்ட், அன்றைய விலை மூன்றையும் கொடுத்தால் வர வேண்டிய தொகையை அவன் அப்பா தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். வாய்மொழித் தேர்வில் எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறவில்லை.

துணைப்பாடத்தை ஏனோதானோ என்று படிக்காதீர்கள். என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. சேர்வதற்கான நிம்செட் தேர்வை நான் எழுதியபோது 1,000 மதிப்பெண்ணில் 600 கணிதத்துக்கு. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். துணைக் கணிதத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டியவர்கள் அங்கேதான் தடுக்கி விழுந்தோம்.

ஆசிரியர் குறைவு என்ற குறைக்கு என்.பி.டி.இ.எல். பெரிய துணை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் இணையத்தில் நடத்தும் பாடங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் உண்டு. எங்கள் ஊரில் சிக்னல் நிற்காது. சேலத்திலேயே வீடியோக்களைப் பதிவிறக்கிக்கொண்டு மலையேறுவேன்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறிய துறை எல்லாவற்றையும் கற்பிக்க முடியாது என்ற கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சிறிய கலைக் கல்லூரிகளுக்காகவே நார்மன் கிப்ஸ், ஆலன் டக்கர் இருவரும் 1986இல் ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டார்கள். கருவிகளைத் துரத்தாமல் கணிதம், அல்காரிதம் போன்ற அடிப்படைகளை அது முன்னிறுத்தியது. அத்தோடு நம் கல்லூரிகளில் இன்னொன்றும் செய்யலாம். ப்ராஜெக்ட் குழுவில் வேறு துறை மாணவர் ஒருவரைச் சேர்க்க அனுமதியுங்கள். சனிக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தை இரண்டு மணி நேரம் எல்லாத் துறைக்கும் திறந்து வையுங்கள். என் தோழி தன் கேள்வியைப் பஸ்ஸில் கேட்க வேண்டியிருந்தது. அடுத்து வருபவள் கணினியின் முன் உட்கார்ந்து கேட்கட்டும்.