ஒஸ்பெதாலே படகுத்துறை

நவம்பர் 10, இரவு

அப்பாவின் வலது செருப்பு மட்டும் என் பையில் இருக்கிறது.

நவம்பர் 11

தவறான படகில் ஏறிவிட்டேன். வெனிஸின் ஓர்த்தோ துறையில் இரண்டு திசைப் படகுகளும் ஒரே மிதவை மேடையில்தான் வந்து நிற்கின்றன. 5.1 எண் படகு ஊரை ஒரு பக்கமாகச் சுற்றுகிறது, 5.2 மறுபக்கமாக. ஒஸ்பெதாலே என்கிற ஆஸ்பத்திரித் துறைக்கு இரண்டே நிறுத்தம். கன்னரேஜியோ கால்வாய்க்குள் திரும்பி, மூன்று வளைவுப் பாலத்தின் அடியில் நுழைந்தபோதுதான் புரிந்தது. ரயில் நிலையத்தில் இறங்கி, எதிர்ப்படகு பிடித்து, ஒரு மணி நேரம் போய்விட்டது. 75 நிமிடத்துக்கு ஒன்பதரை யூரோ டிக்கெட். பணம் போனால் போகட்டும். அப்பா கண் விழித்துப் பார்க்கும்போது நான் அங்கே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை நாளைக்கு. 'தொமானி' என்றால் நாளை. இங்கே வந்து நான் கற்ற முதல் சொல்.

சாயங்காலம் சந்தெல்லாம் பாத்திரச் சத்தம். புனித மார்ட்டின் நாளாம். குழந்தைகள் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு கடை கடையாகப் போகிறார்கள், கடைக்காரர்கள் மிட்டாய் கொடுக்கிறார்கள். ஒரு சிறுமி என்னைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். என் முகம் எப்படி இருந்ததோ.

நவம்பர் 12

முடிந்தது. நன்றாக இருக்கிறார் என்கிறார்கள். அம்மாவிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறோம். அண்ணன் அப்படியே இருக்கட்டும் என்கிறான்.

நவம்பர் 13

அப்பா வழுக்கி விழுந்த அந்தப் படியைப் போய்ப் பார்த்தேன். நீர் வற்றியிருந்தது. மேல் நான்கு படிகள் காய்ந்து வெளுத்திருக்கின்றன. ஐந்தாவதில் பாசி தொடங்குகிறது. முதலில் மெல்லிய பச்சைப் படலம். ஆறாவதில் அது மயிர்போல் நீண்டு, படகு கிளப்பிய அலைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. அதற்குக் கீழே வெறும் கறுப்பு. இந்த ஊரில் ஆறு மணி நேரம் கடல் ஏறுகிறது, ஆறு மணி நேரம் இறங்குகிறது. அன்று நீர் நான்காம் படிவரை ஏறியிருந்தது. பாசி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அப்பா கால் வைத்திருக்கவே மாட்டார். தாமிரபரணியின் குறுக்குத்துறையில் எழுபது வருடம் இறங்கி ஏறிய கால் அது. தண்ணீரைக் கண்டால் இறங்கி, ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் அவருக்கு. கடலோ கழிமுகமோ, அவருக்கு எல்லாம் ஆறுதான்.

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். ஒரு கணம்.

செருப்பு மிதந்திருக்கும். கால்வாய் முனைவரை நடந்து தேடினேன்.

நவம்பர் 14

ஆஸ்பத்திரியின் வாசல் ஒரு காலத்தில் புனித மார்க் பெயரால் இயங்கிய சங்கத்தின் மாளிகை. 1485 தீ விபத்துக்குப் பிறகு எடுத்துக் கட்டியது. பளிங்குச் சுவரில் இரண்டு சிங்கங்கள், ஆழமான மண்டபத்திலிருந்து நடந்து வருவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வரிசை வரிசையாகத் தூண்கள். அதைத் தாண்டித்தான் வார்டு. ஊரே இந்த வாசலைப் படம் எடுக்கிறது. நான் தலை குனிந்து நுழைகிறேன்.

அப்பா சாப்பிடவில்லை.

நவம்பர் 15

இன்று பேசினார்! படகில் கயிறு போடுபவரைப் பற்றிக் கேட்டார். இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவருக்கு வேறு எதில் மனம் போகும். பார்த்ததையெல்லாம் சொன்னேன். படகு மேடையைத் தொடுமுன்பே அந்தப் பெண் கயிற்றுக் கண்ணியைக் கட்டையில் வீசி மாட்டுகிறாள். கயிற்றின் மறுமுனையைப் படகின் இரும்புக் கொம்பில் எட்டுப் போட்டுச் சுற்றுகிறாள். கயிறு முறுகிக் கிறீச்சிடுகிறது, படகு ஒரு முறை திமிறி அடங்குகிறது. பிறகுதான் கம்பிக் கதவைத் தள்ளித் திறக்கிறாள். இறங்குபவர்கள் முதலில். துறையின் பெயரை உரக்கச் சொல்கிறாள்.

"விசில் இல்லையா?" என்றார்.

இல்லை அப்பா.

"கயிறுதான் விசில்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

நவம்பர் 16

நீர் ஏறுகிறது. மட்டம் உயர்ந்தால் கன்னரேஜியோ கால்வாயின் பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாது, தடம் மாறிவிடும். நான் போகும் பக்கத்துக்கு அந்தக் கால்வாய் வேண்டாம், ஆனாலும் பயந்தேன். 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் ஏறியதாம். இப்போது கடல்வாய்கள் மூன்றிலும் 78 கதவுகள் நீருக்கடியில் படுத்திருக்கின்றன. பெரிய ஏற்றம் வரும் என்று தெரிந்தால் எழுப்பிக் கடலை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். இன்று அந்த அளவுக்கு வரவில்லை.

நடந்தே போனேன். ஒன்பது பாலம். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும் படிகளை எண்ணினேன். ஒன்பதில் ஒன்றைக்கூட அவரால் ஏற முடியாது.

நவம்பர் 18

இந்த அறை ஆகாது. மூன்று மாடி, லிஃப்ட் இல்லை, துறைக்கு நடுவில் ஒரு பாலம். படகில் சக்கர நாற்காலியை ஏற்றிவிடலாம், கயிறு போடுபவர்களே உதவுகிறார்கள். இறங்கிய பிறகுதான் சிக்கல். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளைப் பாலத்தால் தைத்து வைத்திருக்கும் ஊர். துறை எந்தத் தீவில் இருக்கிறதோ அதே தீவில் வீடும் இருக்க வேண்டும். பாலம் ஏறாமல் எங்கெங்கே போகலாம் என்று நகராட்சி வரைபடமே வைத்திருக்கிறது. அதை விரித்துவைத்துக்கொண்டு ஃபொந்தாமெந்தே நோவே பக்கம் ஒரு தரைத்தள அறையைப் பிடித்தேன். நேரில் பார்க்கப் போனால் கதவெண் கிடைக்கவில்லை. இங்கே எண் தெருவுக்கு அல்ல, பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசை. சந்து திரும்பினால் எண் நூறு தாவுகிறது. ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு, நன்றி சொல்லுமுன் போய்விட்டார்.

வாசற்படி ஒன்றே ஒன்று. சாண் உயரம். பலகை போட்டுவிடலாம்.

நவம்பர் 19

காய்ச்சல்.

நவம்பர் 20

காய்ச்சல். படகிலிருந்து எதிரே கல்லறைத் தீவு தெரிகிறது. செங்கல் மதில், சைப்ரஸ் மரங்கள். இன்று மற்றப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

நவம்பர் 21

சலூதே மாதா திருநாள். சலூதே என்றால் ஆரோக்கியம். 1630-இல் கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டு போனபோது, நோய் நீங்கினால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள், கட்டினார்கள். இன்றும் இந்நாளில் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு ஊரே அந்தக் கோயிலுக்கு நடக்கிறது. நானும் நடந்தேன். காலடியில் பலகை லேசாக அசைந்தது. மெழுகுவர்த்தியை நாமே ஏற்றக் கூடாது, அங்கே நிற்பவர்களிடம் கொடுத்தால் ஏற்றுகிறார்கள். என்னுடையது எது என்று பார்த்துக்கொண்டே நின்றேன், நெரிசலில் தள்ளிவிட்டார்கள்.

நெல்லையப்பரையும் கூப்பிட்டுக்கொண்டேன்.

நவம்பர் 22

காய்ச்சல் இறங்கி 37.2 டிகிரி செல்சியஸ். கஞ்சிபோல் ஒன்று கொடுத்தார்கள், முழுவதும் குடித்தார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம், என் குரலை வைத்து.

நவம்பர் 23

தொமானி! நாளை பத்து மணிக்கு அனுப்புகிறார்கள். நீர் வற்றியிருந்தால் கரையிலிருந்து மிதவை மேடைக்கு இறங்கும் பலகை செங்குத்தாகிவிடும், ஏறியிருந்தால் சமமாக இருக்கும். நாளை பத்து மணிக்கு நீர் எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும். பலகை வாங்கிவிட்டேன். செருப்பு கேட்கிறார்.