வெள்ளைக்கல்லில் தொடங்கி சேர்வராயன் உச்சி வரை

என் மனைவி கல்லூரியில் ஜியாலஜி சொல்லிக்கொடுக்கிறார். ஆண்டுக்கு ஒரு மாநாட்டுக்காவது போய்விடுவார். நான் வங்கி வேலையில் இருந்தவரை அவரை ரயில் ஏற்றிவிடுவதோடு சரி. ஓய்வுபெற்ற பிறகு, சேலத்தில் நடந்த மூன்று நாள் மாநாட்டுக்குத்தான் முதன்முறையாகக் கூடவே போனேன். உடன் வருகிறவர்களுக்கும் மாலை நிகழ்ச்சி, மலைப் பயணம் எல்லாம் உண்டு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் பகல் முழுக்கக் கட்டுரை வாசிப்பு. நான் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து படுத்துவிட்டேன். மாலையில் மைதானத்தில் தெருக்கூத்து, கர்ணன் கதை. விடிய விடிய ஆட வேண்டியதை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம்தான். கூத்து சூடு பிடிக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்த வேகத்திலேயே கூட்டத்தைப் பிடித்துவிட்டார். "கல்லப் பாத்து வயசு சொல்ற ஆளுங்கன்னு சொன்னாங்க. எங்க வாத்தியாருக்கு என்ன வயசு, சொல்லுங்க பாப்போம்!" முன்வரிசையிலிருந்த மூத்த பேராசிரியர் எழுந்து, "சுத்தியலால தட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பகலெல்லாம் அவர் பக்கத்தில் போகவே தயங்கிய ஆராய்ச்சி மாணவர்கள் அப்போது சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கூத்து முடிந்ததும் அவரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் கர்ணன் வேடக்காரர் அரிதாரம் கலைக்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எவ்வளவு கனம்! அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான், கூத்தில் கிறுக்கி என்கிற அத்தனை சுழற்சியும் சுற்றியிருக்கிறார்.

இரண்டாம் நாள் மாலை ஊர் சுற்றல். அப்புறம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. சேலத்துக்காரர்கள் அதை ஒரே வாயில் போடுகிறார்கள். எனக்கு இரண்டு வாய் ஆனது. ஆறு செட் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்தான் மலைப் பயணம், சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு. முதலில் மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கம். பாடப் புத்தகத்தில் மேக்னசைட் என்று படித்ததைத்தான் ஊரில் வெள்ளைக்கல் என்கிறார்கள். அனுமதி வாங்கி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கறுத்த பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடியது. மைக்கை வாங்கி விளக்கியது என் மனைவி. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த பாறையில் மக்னீசியம் நிறைய. தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்து அதைச் சிதைக்க, வெடிப்புகளில் வெள்ளைக்கல் படிந்துவிட்டது. உருக்காலைச் சூளைகளின் உட்சுவருக்கு இதில் செய்த செங்கல்தான், அந்த வெப்பத்தைத் தாங்கும் என்றார்.

திருமணமாகி 31 ஆண்டுகள். அவர் ஒரு பாறைக்கு முன்னால் நின்று பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவ்வளவாகப் பேசாதவர். அங்கே ஐம்பது பேர் பேனாவும் கையுமாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஓரிடத்தில் இறக்கி, சாலைக்காக வெட்டிய பாறையைக் காட்டினார்கள். சார்னோக்கைட். கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்குக்கு அங்கே இருக்கும் கல்லறைக் கல் இந்த வகை. அதை வைத்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் சூட்டிய பெயராம். அந்தக் கல்லே நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். சேர்வராயன் மலைப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. மனைவி என் கையைப் பிடித்துப் பாறைமேல் வைத்து, "தொட்டுப் பாருங்க" என்றார். பனிபட்டுச் சில்லென்று இருந்தது.

மேலே காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. 1820களில் காக்பர்ன் என்ற கலெக்டர் காப்பியை இங்கே கொண்டுவந்தார். ஏரியில் படகு, பஜாரில் கூட்டம், அதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று.

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில். உச்சி கூர்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், மைதானம்போலத் தட்டையாகக் கிடந்தது. கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையின் மலையாளி மக்களுக்குக் குலசாமி மாதிரி. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், காஞ்சியிலிருந்து வந்ததாகத்தான் அவர்கள் கதை சொல்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுக்கத் திரண்டுவிடும் என்றார் வாசலில் பூ விற்ற அம்மா. "அப்ப வாங்க சாமி, இப்ப வந்து என்னத்தப் பாக்கறது?"

வெளியே மண் செக்கச்செவேலென்று இருந்தது. அது பாக்சைட். கீழே பார்த்த அதே சார்னோக்கைட்தான், காலங்காலமாகப் பெய்த மழை சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போனபின் அலுமினியம் மிஞ்சி இப்படி ஆகியிருக்கிறது. இதை ஒரு மாணவி விளக்க, மனைவி பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முதல் நாள் மேடையில் கட்டுரை வாசிக்கும்போது குரல் நடுங்கியதாம். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைக் கையில் அள்ளிக் கணீரென்று பேசினாள்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. வளைவு திரும்பும்போதெல்லாம் கீழே சேலம் விளக்குகள் இடமும் வலமும் மாறி மாறித் தெரிந்தன.

"அடுத்த மாநாடு எங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"லீவு போட வேண்டியதில்ல, நான் சும்மாதான இருக்கேன்."