டெக்சஸ் எச்ஓஏ: சண்டை போடுங்கள், சந்தாவை நிறுத்தாதீர்கள்

புல் உயரமாகிவிட்டது, குப்பைத்தொட்டி தெருவிலேயே நிற்கிறது என்று எச்ஓஏ, அதாவது குடியிருப்பு வீட்டுக்காரர்களின் சங்கம், கடிதம் போட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் "இது தீரும்வரை சந்தா கட்ட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். டெக்சஸில் வீடு கைவிட்டுப் போவது அந்த வழியாகத்தான்.

மாநிலச் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயப்படி, பாக்கி வெறும் அபராதமும் அதையொட்டிய வக்கீல் செலவும் மட்டுமே என்றால் சங்கம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது. சந்தா பாக்கி இருந்தால் முடியும். "குடியிருக்கும் வீட்டைக் கடன் கொடுத்தவர் தொட முடியாதே" என்பார்கள். ஆனால் 1987இல் இன்வுட் நார்த் சங்கத்தின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. நீங்கள் வாங்கும் முன்பே சந்தாக் கடமை நிலத்தோடு சேர்ந்துவிட்டது என்றது. அந்தப் பாக்கிக்காக வீட்டின் மேல் சங்கத்துக்கு உள்ள உரிமைதான் லீன்; நம்மூர் வில்லங்கம் மாதிரிதான். வீட்டை விற்கும்போது, உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அதைத் தீர்க்காமல் விடாது.

பணம் இருந்தும் பலர் பாக்கிதாரர் ஆகிறார்கள். வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் மார்ட்கேஜ் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வரியும் இன்சூரன்ஸும் போகும். எச்ஓஏ சந்தா பெரும்பாலும் போகாது. மேனேஜ்மென்ட் கம்பெனி மாறியிருக்கும், ஆட்டோபே பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டு வேறு ஊர் போனவருக்கு வரவேண்டிய கடிதம் குடியிருப்பவரின் தபால்பெட்டியில் கிடக்கும். முகவரி மாறினால் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.

லீனைப் பதிவு செய்யும் முன் சங்கம் இரண்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். முதலாவது சாதாரணத் தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும். குறைந்தது 30 நாள் கழித்து இரண்டாவது, சர்ட்டிஃபைடு மெயிலில் (நம்மூர் பதிவுத் தபால் மாதிரி). அது அனுப்பப்பட்டதிலிருந்து 90 நாள் ஆகாமல் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவேட்டில் லீனைப் பதிய முடியாது. அனுப்பிய நாளிலிருந்துதான் கணக்கு. தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் நாள் நிற்காது.

இந்த இடைவெளியில் தவணை கேளுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் தவணைத் திட்டம் வைத்திருக்க வேண்டும்; குறைந்தது 3 மாதம் தர வேண்டும், 18 மாதத்துக்கு மேல் தர வேண்டியதில்லை. கடந்த 2 ஆண்டுக்குள் ஒரு தவணைத் திட்டத்தை முறித்திருந்தால் மறுக்கலாம். நீங்கள் கட்டும் பணம் முதலில் பழைய சந்தாவுக்கும், பிறகு நடப்புச் சந்தாவுக்கும், அடுத்து வக்கீல் செலவுக்கும் போக வேண்டும். அபராதம் அதற்கும் பின்னால்தான். தவணையை முறித்தால் இந்த வரிசை உங்களைக் காக்காது. ஒவ்வொரு மாதமும் கணக்கு விவரத்தை வாங்கிச் சரிபாருங்கள்.

அபராதத்தை எதிர்க்கத் தனி வழி இருக்கிறது. நோட்டீஸ் தபாலில் போடப்பட்ட 30 நாளுக்குள் எழுத்தில் விசாரணை கேளுங்கள். சங்கம் தன் ஆதாரங்களை விசாரணைக்கு 10 நாள் முன்பே தர வேண்டும். தராவிட்டால் விசாரணை தானாகவே 15 நாள் தள்ளிப்போக உங்களுக்கு உரிமை உண்டு. தேதி போட்ட புகைப்படங்களை வைத்துக்கொள்ளுங்கள். அதே மீறலுக்கு 6 மாதத்துக்குள் மறுபடி சிக்கினால், சரிசெய்ய அவகாசம் தரவேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு இல்லை.

வாசல் தோரணத்தையும் சாமி படத்தையும் எடுக்கச் சொன்னால் பதறவேண்டாம். நம்பிக்கையின் பேரில் வைக்கும் சமயப் பொருள்களுக்கு அதே சட்டத்தின் 202ஆம் அத்தியாயம் பாதுகாப்புத் தருகிறது; பொது வழியில் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு.

ஏலமே நடந்துவிட்டாலும், சங்கம் அதுபற்றிய நோட்டீஸைத் தபாலில் போட்ட நாளிலிருந்து 180 நாள்வரை பாக்கியும் செலவும் எல்லாம் கட்டி வீட்டை மீட்கலாம். அந்த அளவுக்குப் போகாமல் பாக்கியைத் தீர்த்தவர்களும் லீன் விடுவிப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அது கவுன்டி கிளார்க் பதிவில் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.