அந்த ஒரு நிமிடம் மேடையில் யாரும் இல்லை

பிரிட்டிஷ் ராக் குழுவான குயின், தன் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டின் நடுவே பல குரல்கள் அடுக்கடுக்காக வரும் ஆபெரா பகுதியை மேடையில் முழுதாகப் பாடியதே இல்லை. கிட்டார் சோலோ முடிந்ததும் விளக்கு அணையும், நால்வரும் இறங்கிவிடுவார்கள், ஸ்டுடியோவில் பதிந்த டேப் ஓடும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அப்புறம் வெடியும் வெளிச்சமுமாகத் திரும்பி வந்து ராக் பகுதியை வாசிப்பார்கள். கச்சேரியில் முன்பே பதிந்த இசையை, அதாவது ட்ராக்கை, ஓட்டும் வேலையில் இருப்பவர்கள் இதை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நானும் சொல்வேன். இதே பாட்டை எடுத்திருந்த ஓர் இளைஞர் குழுவின் ஒத்திகையிலும் சொன்னேன். பையன்கள் தலையாட்டினார்கள். வேலைக்குப் புதிதாக வந்திருந்த பெண்தான் கேட்டாள்: "இறங்கிப் போயிட்டா மட்டும் அது நேர்மை ஆயிடுமாண்ணா? பாட்டு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"பாடாததைப் பாடுற மாதிரி வாயசைக்கலையே" என்றேன்.

"சரி. அப்ப அந்த லைட்டெல்லாம் யாருக்கு?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, இன்னும் இருக்கிறது. இரண்டாவதுதான் போகமாட்டேன் என்கிறது.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியை மூன்று பேர் நின்று பாட முடியாது. 1975 ஆகஸ்டில் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் பாட்டின் பதிவு தொடங்கியது. தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். குரல்கள் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, கிட்டார்காரர் பிரையன் மே, டிரம்மர் ராஜர் டெய்லர் மூவருடையவை. மேல் ஸ்தாயிக்கு டெய்லர், நடுவில் மெர்குரி, கீழே மே. மூவரும் ஒரு வரியைப் பாடி, அதன்மேல் மறுபடி பாடி, நிரம்பிய ட்ராக்குகளை (டேப்பில் தனித்தனியாகப் பதியும் தடங்களை) ஒன்றாகக் கலந்து இறக்கி, காலியான இடத்தில் இன்னும் பாடினார்கள். 24 ட்ராக் டேப்பில் இதற்கு வேறு வழியில்லை. இப்படி ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இரைச்சல் கூடும், உச்ச ஒலியின் கூர்மை குறையும். இயந்திரத்தின் தலையில் (டேப்பில் பதியும், படிக்கும் பாகம்) உரசி உரசி டேப்பின் மேல்பூச்சு தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆபெராவுக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. அந்தக் கூட்டத்தை மேடையில் மூன்று மைக்கில் கொண்டுவர நினைத்தால் கிடைப்பது வெறும் எலும்புக்கூடு.

ஆக வழிகள் மூன்று. மெலிந்த குரலில் பாடலாம். டேப்பைப் போட்டு வாயசைக்கலாம். டேப்பைப் போட்டுவிட்டு விலகலாம். அவர்கள் மூன்றாவதை எடுத்தார்கள். நான் பையன்களிடம் சொன்னதும் இவ்வளவுதான்.

ஆனால் நான்காவதாக ஒரு வழியும் இருந்தது. அவர்கள் முதலில் போனதே அதில்தான் என்பதை அன்று நான் சொல்லவில்லை. 1975 இறுதியில் நடந்த கச்சேரிப் பயணத்தில் பாட்டின் நடுவே ஆபெரா பகுதி கிடையாது. பியானோப் பகுதியைப் பாடி, அங்கிருந்து 'கில்லர் குயீன்' பாட்டுக்குத் தாவி, கடைசி வரிகளுக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு லண்டனின் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவில் இதைக் கேட்கலாம். 1976இல் ஆபெரா டேப்பை எடுத்து நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைத்தார்கள்: இருட்டில் டேப், அது முடியும் இடத்தில் குழு நுழைந்து ராக் பகுதி. பியானோப் பகுதி தனியாகப் பின்னால் வரும். பாட்டு முழுசாக ஒரே இடத்தில் சேர்ந்தது அதற்கும் அடுத்த ஆண்டுதான். கொள்கையோடு தொடங்கியவர்கள் போல இது தெரியவில்லை. எது மேடையில் எடுபடுகிறது என்று பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தவர்கள் போலத்தான் தெரிகிறது.

எடுபட வைப்பதும் லேசில்லை. ஸ்பூல் டேப் காலத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறமுள்ள வெற்று நாடாவை (லீடர்) வெட்டி ஒட்டி, முதல் ஒலி தலைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கும்படி கையால் உருட்டி வைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மோட்டார் வேகம் பிடிக்க நேரம் ஆகும்; அதற்குள் ஒலி வந்துவிட்டால் சுருதி கீழிருந்து இழுபட்டு ஏறும். இந்தப் பாட்டில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். கிட்டார் சோலோ முடிந்து, துண்டு துண்டான பியானோ ஒலியோடு ஆபெரா தொடங்கும். சற்று முன்புவரை மேடையில் வாசித்த பியானோ கேட்பவர் காதில் இன்னும் இருக்கும். டேப் வேகம் ஒரு சதவீதம் தப்பினாலே பழகிய காதுக்குத் தெரியும். ஆறு சதவீதம் என்றால் அரைக் கட்டை ஏறிவிடும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பிச் சுற்றும் மோட்டார் உள்ள இயந்திரத்தைத் திறந்தவெளியில் ஜெனரேட்டரில் ஓட்டினால் இந்தப் பயம் நிஜம்.

இப்போது அந்தக் கவலை இல்லை, வேறு கவலைகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் (44.1 கிலோஹெர்ட்ஸ்) என்று பதிந்த கோப்பை 48இல் ஓடும் கருவி மாற்றாமல் அப்படியே வாசித்தால் வேகம் ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடி, சுருதி முக்கால் கட்டை ஏறும். ஒத்திகையில் சரியாக இருந்தது மேடையில் ஏன் ஏறியது என்று குழம்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதை. இரண்டு கணினிகளை ஒன்றாக ஓடவிட்டு, ஒன்று நின்றால் மற்றதற்குத் தானாகத் தாவும் பெட்டியை நடுவில் வைப்போம். தாவுகிறதா என்பதை ஒத்திகையில் ஒரு கணினியின் கேபிளை நிஜமாகவே பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிடுங்காமல் நம்புகிறவர்கள் அதிகம்.

ஒலி அளவு இன்னொரு சிக்கல். மேடைக் குரலில் டிரம்ஸின் கசிவு, அரங்கின் முழக்கம் எல்லாம் சேர்ந்திருக்கும். டேப்பில் அவை இல்லாததால் அது வறண்டு, காதருகே வந்து நிற்கும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினால் சரியாகாது. உச்ச ஒலியைக் கொஞ்சம் வெட்டி, அரங்கின் அளவுக்கு ஏற்ற முழக்கத்தை (ரிவெர்ப்) சேர்த்து, முந்தைய பகுதியைவிட ஒரு இழை குறைவாக வைத்தால்தான் திரும்பி வரும் கிட்டாருக்கு இடம் இருக்கும்.

அந்தத் திரும்புதல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு நிமிடத்துக்குள் உடை மாற்றி, கும்மிருட்டில் படி ஏறி, கிட்டாரை வாங்கி மாட்ட வேண்டும். உதவியாளர் தரையை நோக்கி டார்ச் பிடிப்பார். கேபிள் செருகும்வரை கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஊமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப்பின் நடுவில் 'டொப்' என்று விழும். மேடை விளிம்பிலும் படியிலும் ஒளிரும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். வெடியை (பைரோ) கையாள்பவர் ஆள்கள் எல்லோரும் தங்கள் இடத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானில் கைவைப்பார். ஒருவர் தெரியவில்லை என்றாலும் வெடி கிடையாது. டெய்லரின் குரல் உச்சியில் நீளும்போது தாளமே இருக்காது. அந்தக் காலத்தில் காதுக்குள் தாளம் காட்டும் கிளிக் ஒலியும் கிடையாது. டேப் விடும் இடத்தில் நால்வரும் ஒன்றாக இறங்கியது வெறும் பழக்கத்தின் பலம்.

இவ்வளவையும் எழுதும்போதே அவள் கேள்வி பலமடைவது தெரிகிறது. விலகியது மட்டுமே நோக்கமாக இருந்தால் மேடையை இருட்டாக விட்டிருக்கலாம். புகையும் விளக்கும் அந்த ஒரு நிமிடத்தை நிகழ்ச்சியின் சிகரமாக ஆக்கின. 1978-79 பயணங்களில் தலைக்கு மேல் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகத் தொங்கிய விளக்குக் கூட்டத்தின் சூட்டுக்கு 'பிட்ஸா அவன்' என்றே பட்டப்பெயர். ஆள் இல்லாத மேடைக்கும் கூட்டம் ஆர்ப்பரித்தது. யாருக்கு? ஸ்டுடியோவில் மூன்று வாரம் தொண்டை வறளப் பாடியவர்களுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். மெர்குரியின் தொண்டையில் கணுக்கள் இருந்தன, அதனால் கச்சேரிகள் ரத்தானதும் உண்டு. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் அந்த ஒரு நிமிடம் அவருக்கு மூச்சு விடக் கிடைத்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டும் அவள் கேட்டதற்குப் பதில் இல்லை.

கண்ணை ஏமாற்ற அவர்கள் தயங்கியதும் இல்லை. 'நௌ அயம் ஹியர்' பாட்டு தொடங்கும்போது மெர்குரி மேடையின் ஒரு பக்கம் தெரிவார், இருளும், அடுத்த நொடி மறுபக்கம் தெரிவார்; ஒருவர் அவர், இன்னொருவர் அதே உடை அணிந்த வேறு ஆள். 1984இல் சான்ரெமோ விழாவில் 'ரேடியோ காகா'வுக்கு வாயசைத்திருக்கிறார்கள், அங்கே அதுதான் நடைமுறை. 1982 முதல் மேடையில் கூடுதல் கீபோர்டுக்காரர் இருந்தார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 'பிரைட்டன் ராக்' சோலோவில் பிரையன் மே இரண்டு எக்கோபிளெக்ஸ் கருவிகளில் தன் கிட்டாரைத் தாமதப்படுத்தி, தாமதமான ஒலியைத் தனித்தனி ஆம்ப்களுக்கு அனுப்பி, அதன்மேலேயே வாசித்து மூன்று கிட்டார்களின் இசைவை ஒற்றை ஆளாகக் கட்டினார். ஒரு சுரம் தப்பினால் அதே தப்பு இன்னும் இரண்டு முறை திரும்பி வரும். பாதுகாப்பே இல்லாத வித்தை அது. குரலுக்கு இப்படி ஒரு வழி கிடைத்திருந்தால் இறங்கியிருப்பார்களா? இருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். நம்ப விரும்புகிறேன் என்பதுதான் சரி.

பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரியை நினைத்தால் இந்த நம்பிக்கையும் ஆடுகிறது. 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி மைதானம், 72,000 பேர், 21 நிமிடம், ஆறு பாட்டு. தொடக்கமே 'பொஹீமியன் ராப்சடி', ஆனால் பியானோப் பகுதி மட்டும். கிட்டார் சோலோவின் முடிவில் வெட்டி நேரே 'ரேடியோ காகா'வுக்குள் போனார்கள். 21 நிமிடத்தில் ஒரு நிமிடத்தை டேப்புக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் தொழில் கண்ணுக்குத் தெரிவது வேறு: மணி மாலை 6.41, இங்கிலாந்தின் ஜூலை, பட்டப்பகல். இறங்கிப் போக இருட்டே இல்லை. வெயிலில் காலி மேடையும் ஓடும் டேப்பும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், நான் நேர்மை என்று சொல்லிவந்தது எவ்வளவு தூரம் விளக்கை நம்பி இருந்தது என்பது புரிகிறது. அடுத்த ஆண்டு அதே வெம்பிளியில் முழுப் பாட்டும் வந்தது, நிகழ்ச்சியின் பிற்பகுதியில், இருட்டிய பிறகு.

மெர்குரி மறைந்த பிறகு கணக்கு இன்னும் குழம்புகிறது. 1992 ஏப்ரல் 20 அஞ்சலி நிகழ்ச்சியில் எல்டன் ஜான் தொடங்கினார், ஆபெரா டேப் ஓடியது, வெடியோடு ஆக்ஸல் ரோஸ் நுழைந்தார், பழைய வழியேதான். 2005இல் பாடகர் பால் ராட்ஜர்ஸுடன் போனபோது பியானோப் பகுதியையே திரையில் மெர்குரி பாடினார், மேயும் டெய்லரும் அந்தக் குரலோடு சேர்ந்து நேரில் வாசித்தார்கள். பதிவு ஓடும்போது விலகியவர்கள், இங்கே பதிவோடு கூடவே நின்றார்கள். அதைப் பார்த்து ஏமாற்று என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. யார் பாடுகிறார், அவர் எங்கே இருக்கிறார் என்பது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியானால் ஆள் இறங்குவதும் இருப்பதும் ஒரு பொருட்டில்லை, கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் பொருட்டு என்று ஆகிறது. அப்படி வைத்தால், "ட்ராக்கில் போகிறது" என்று முன்பே அறிவித்துவிட்டு வாயசைப்பவரைக்கூட நான் குறை சொல்ல முடியாது. அதற்கும் மனம் ஒப்பவில்லை.

பையன்கள் இருட்டில் இறங்கினார்கள், கைதட்டல் விழுந்தது. ஆபெராவுக்கான ட்ராக்கை இப்போதும் அப்படித்தான் தயாரித்துக் கொடுக்கிறேன்: குரல் தனி, பியானோ தனி, பின்னணி தனி. குரல் ஃபேடர் மட்டும் மிக்ஸரில் சவுண்ட் இன்ஜினியர் கையில் இருக்கும். எவராவது அந்தப் பகுதியை நிஜமாகவே பாடிப் பார்க்கிறோம் என்றால், எவ்வளவு மெலிந்து கேட்டாலும், அதை இறக்கிவிடலாம்.