வாயைத் திறக்காமல் தமிழ் படிப்பது எப்படி?

மொரீஷியஸில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு ஒரு புண்ணியவான் டேப்லெட் வாங்கிக் கொடுத்ததிலிருந்து கமிட்டிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி பிள்ளைகள் தானாகவே படித்துக்கொள்வார்கள் மிஸ், நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டால் போதும்" என்கிறார்கள். சரி என்று சும்மா பார்த்தேன்.

திரையில் ஆடு, மாடு, கோழி. ஒரு பெண்குரல் "ஆடு" என்கிறது. ஏழு வயதுப் பிள்ளை ஆட்டின் மேல் விரலை வைக்கிறாள், நட்சத்திரம் பறக்கிறது, கைதட்டல் கேட்கிறது, பத்துக்குப் பத்து. அப்புறம் டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டு, அட்டையில் ஆட்டைக் காட்டி இது என்னம்மா என்று கேட்டால் "கப்ரி" என்று இங்கே வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் சொல்கிறாள். தமிழில்? சிரிக்கிறாள், பக்கத்துப் பையனைப் பார்க்கிறாள், அவன் கூரையைப் பார்க்கிறான். அவனும் பத்துக்குப் பத்துதான்.

காதில் விழுந்த சொல்லுக்குப் படத்தைத் தொடுவது வேறு, அந்தச் சொல்லைத் தானே தேடி எடுத்துச் சொல்வது வேறு. முதலாவதற்கு மெஷின் மார்க் போடுவது சுலபம், அதனால் ஆப் முழுக்க அதுவே. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, வெளியே போனால் தெருவெல்லாம் தமிழ். மொரீஷியஸில் வீட்டில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தைப்பூசக் காவடிக்குக்கூட எங்கள் கோயிலில் பாதிப் பேர் ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். இந்தப் பிள்ளைக்குத் தமிழில் வாயைத் திறக்கக் கிடைப்பது வாரத்தில் இந்த ஒரு வகுப்புதான், அங்கேயும் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்துவிட்டால் எப்போதுதான் பேசுவது?

ழகரம் இன்னும் மோசம். அந்தப் பெண்குரல் "பழம்" என்று அழகாகத்தான் சொல்கிறது. பிள்ளை "பலம்" என்கிறாள். ஆப்புக்குக் காது கிடையாது, அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. நான் பக்கத்தில் இருந்தால் நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டுவேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆனால் நாலு பேருக்காவது வந்துவிடும்.

இது எங்கள் கோயில் கதை மட்டுமில்லை. இங்கே அரசு ஆரம்பப் பள்ளிகளிலும் 2018-ல் இந்திய உதவியோடு சின்ன வகுப்புகளுக்கு டேப்லெட் வந்தது. எங்கேயும் சாமான் முதலில் வருகிறது, எதற்கு என்ற கேள்வி பின்னால் வருகிறது. பெரு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். 2012-ல் வந்த ஆய்வில் பார்த்தால், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மார்க் கூடியதாகத் தெரியவில்லை. ஸ்வீடனில் பள்ளிகளில் திரை அதிகமாகிவிட்டது என்று 2023-ல் அரசே அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கியது. பணக்கார நாடு, இரண்டையும் வாங்கிப் பார்க்க அவர்களால் முடியும்.

டேப்லெட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் கேமரா இருக்கிறதே, எனக்கு அது போதும். இப்போது இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, பாட்டி வீட்டுக்குப் போனது, நாய் துரத்தியது என்று தெரிந்த தமிழில் பேசிப் பதிவு செய்கிறார்கள். தாங்களே போட்டுக் கேட்டுவிட்டு "இன்னொரு தடவை, மிஸ்" என்று அழிக்கிறார்கள். பாதி கிரியோல் கலந்துதான் வருகிறது, வரட்டும்.

கமிட்டிக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஆப் போட்டுக் கொடுக்கும் கலர் கலரான மார்க் சார்ட் எங்கே என்று கேட்கிறார்கள், டேப்லெட் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டுமாம்.